628 நாட் அவுட்: ஏ.இ.ஜே. காலின்ஸ் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை லீக் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதுவது என் பழக்கம். மழைக்கு ஆட்டம் நின்றால் கூடாரத்தில் வெட்டிப் பேச்சு ஓடும். "ஒரு ஆளு ஒரே இன்னிங்ஸ்ல அதிகபட்சம் எவ்வளவுப்பா அடிச்சிருக்கான்?" என்று யாராவது கிளப்புவார்கள். நான் காலின்ஸ் பெயரை எடுப்பேன். உடனே அதே சந்தேகங்கள், அநேகமாக அதே வரிசையில் வரும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

யாரு இந்த காலின்ஸ்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

ஆர்தர் எட்வர்ட் ஜூன் காலின்ஸ். 1885 ஆகஸ்ட் 18-இல் பிறந்து 1914 நவம்பர் 11-இல் இறந்தவர். விக்டோரியா மகாராணி காலத்தின் கடைசியில் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் படித்த பையன். பிறகு ராணுவ அதிகாரி. டெஸ்ட் ஆடவில்லை, கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்ட அணிகளுக்கு இடையிலான ஆட்டம்) ஆடவில்லை, முதல்தர ஆட்டம் என்று கணக்கில் வருவது ஒன்றுகூட ஆடவில்லை. நீங்கள் கேள்விப்படாததில் ஆச்சரியம் இல்லை.

1899 ஜூனில் பிரிஸ்டல் நகரத்து கிளிஃப்டன் காலேஜில் நடந்த ஒரு மேட்சில் அவர் அவுட் ஆகாமல் 628 ரன் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 13, பதினாலு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த எண்ணை 116 வருடம் யாரும் தாண்டவில்லை. (நடுப்பெயரைத் தமிழில் எழுதினால் மாதத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, அடித்ததும் ஜூனில்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

13 வயசுன்னு சொல்றீங்க, காலேஜ்னும் சொல்றீங்க. எது சரி?

இரண்டும் சரி. கிளிஃப்டன் காலேஜ் என்பது பள்ளிக்கூடம். 1862-இல் தொடங்கிய, விடுதியோடு கூடிய, கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளி. அந்த ஊர் வழக்கத்தில் இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு 'காலேஜ்' என்றே பெயர் இருக்கும். காலின்ஸ் 1897 செப்டம்பரில் உதவித்தொகை வாங்கிச் சேர்ந்தார்.

லாரா அடிச்ச 501 தானே உலக சாதனை? நீங்க என்ன 628-ங்கறீங்க?

பிரையன் லாராவின் 501 நாட் அவுட் முதல்தர கிரிக்கெட்டின் சாதனை. 1994-இல் வாரிக்‌ஷயருக்காக டர்ஹாம் அணிக்கு எதிராக எட்ஜ்பாஸ்டனில் அடித்தது. முதல்தரம் என்றால் கவுண்டி, ரஞ்சி, டெஸ்ட் என்று ஒரு குறிப்பிட்ட தகுதி உள்ள ஆட்டங்கள். அந்தப் பட்டியலில் லாராவை இன்றுவரை யாரும் தொடவில்லை.

காலின்ஸ் அடித்தது அந்தத் தகுதிக்கு வெளியே. பள்ளி, கிளப், அலுவலகம் எதுவானாலும் சரி, ஸ்கோர் புக்கில் முறையாகப் பதிவான எந்த மேட்சிலும் ஒரு ஆள் எடுத்த அதிகபட்சம் எது என்று கேட்டால்தான் 628 வரும். கூடாரத்துச் சண்டையில் பாதி, இந்த இரண்டு பட்டியலையும் ஒன்றாகக் குழப்புவதால் வருவது.

பள்ளிக்கூட மேட்ச்னா, இன்னொரு ஸ்கூலோட மோதினதா?

அதுகூட இல்லை. ஒரே பள்ளிக்குள் நடந்த ஹவுஸ் மேட்ச், அதிலும் ஜூனியர் ஹவுஸ் மேட்ச். மாணவர்களை 'ஹவுஸ்' என்று பிரித்து வைத்திருப்பார்கள். நம் பள்ளிகளில் சிவப்பு அணி, நீல அணி என்று விளையாட்டு விழாவுக்குப் பிரிப்பது அந்த வழக்கத்தின் மிச்சம்தான். காலின்ஸ் இருந்தது கிளார்க்ஸ் ஹவுஸ். எதிரே நார்த் டவுன், அதாவது விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வந்துபோகும் பையன்களின் ஹவுஸ்.

அஞ்சு நாள் டெஸ்ட் மாதிரி நாள் முழுக்க ஆடினாங்களா?

இல்லை. படிப்பு நேரம் போக மிச்ச நேரத்தில் ஆடினார்கள். அதனால்தான் ஒரே இன்னிங்ஸ் நாலு நாளில் சிதறிக் கிடக்கிறது. ஆனால் இந்த மேட்சுக்கு இத்தனை நாள் என்று கெடு எதுவும் கிடையாது, முடிகிறவரை ஆடலாம்.

1899 ஜூன் 22, வியாழக்கிழமை. டாஸ் வென்ற காலின்ஸ் மட்டையை எடுத்துக்கொண்டார். மதியம் மூன்றரைக்கு ஆட்டம் ஆரம்பம், ஆறு மணிக்கு முடிவு. இரண்டரை மணி நேரத்தில் 200. மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் நின்றபோது 509. அந்த நாளுக்குள் சேதி பரவி, கூட்டம் கூடிவிட்டது. சனி, ஞாயிறு ஆட்டம் இல்லை. திங்கட்கிழமை கிடைத்தது 55 நிமிடம்தான். அதில் 89 ரன் எடுத்து 598-இல் நின்றார். செவ்வாய்க்கிழமை கடைசி விக்கெட் விழ, அவர் 628 நாட் அவுட்.

மொத்தமாகக் களத்தில் நின்றது 6 மணி 50 நிமிடம். தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, பத்து விக்கெட்டும் மறுமுனையில் விழ, கடைசிவரை அவுட் ஆகவில்லை. ஆட்டம் இல்லாத சனி, ஞாயிறையும் சேர்த்து ஐந்து ராத்திரி அந்தப் பையன் நாட் அவுட்டாகவே தூங்கி எழுந்திருக்கிறான். எனக்கு ஸ்கோரை விட அதுதான் பெரிதாகப் படுகிறது.

மைதானம் தீப்பெட்டி சைஸ்னு சொல்றாங்களே? அப்போ அடிச்சதெல்லாம் ஃபோர் தானே?

இதைத்தான் எல்லோரும் தப்பாகவே சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கிளிஃப்டனில் பெரிய மைதானம் ஒன்று உண்டு. இந்த மேட்ச் அங்கே நடக்கவில்லை, கத்ரி சாலையை ஒட்டிய ஒரு சின்னத் திடலில் நடந்தது. அதன் வடிவமே கோணல். மூன்று பக்கம் எல்லை கிட்டத்தில். நாலாவது பக்கம் பள்ளியின் மருத்துவ விடுதியைப் பார்க்கச் சரிந்துகொண்டே போகும் நீண்ட இறக்கம்.

அந்தத் திடலுக்கென்று தனி விதி வைத்திருந்தார்கள். கிட்டத்து எல்லைகளில் எங்கே அடித்தாலும் இரண்டு ரன்தான். இறக்கத்துப் பக்கம் எல்லையே கிடையாது. பந்து உருண்டு போகும்வரை ஓடிக்கொள்ளலாம், ஓடி எடுப்பதுதான் ரன். ஆக, சின்ன மைதானம் என்பது உண்மை. ஆனால் அது அவருக்கு லாபமாக மட்டும் இல்லை. வேறு திடலில் நாலாகியிருக்க வேண்டிய அடிகள் இங்கே இரண்டாகச் சுருங்கின. மறுபக்கம் நாலு, ஐந்து எல்லாம் 22 கஜத்தைத் திரும்பத் திரும்பக் கால்களால் அளந்து வந்தவை.

கிட்டத்துப் பக்கம் ஃபைவ்ஸ் கூடங்கள் இருந்தன. ஃபைவ்ஸ் என்பது பந்தைக் கையால் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம். அந்தக் கூடங்களின் தலைக்கு மேலே காலின்ஸ் இழுத்து அடித்த பந்துகள் அப்பால் இருந்த நீச்சல் குளத்தில் போய் விழுந்தன, குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலை தப்பியது பெரிய விஷயம் என்று அந்த ஆட்டத்தை நினைவுகூர்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குளத்தில் விழுந்தாலும் இரண்டுதான்!

ரன் கணக்கு எப்படிப் பிரியுது? கூட்டிப் பார்த்தா சரியா வருதா?

வருகிறது. ஒரு ஆறு, நாலு ஐந்துகள், 31 நாலுகள், 33 மூன்றுகள், 146 இரண்டுகள், 87 ஒன்றுகள். 6, 20, 124, 99, 292, 87. கூட்டினால் 628. நான் முதல்முறை இதைப் படித்தபோது பழக்கதோஷத்தில் ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

146 இரண்டுகளைக் கவனியுங்கள். மொத்த ரன்னில் கிட்டத்தட்ட பாதி. மேலே சொன்ன திடல் விதி தெரியாமல் இந்தப் பட்டியலைப் பார்த்தால் தலைகால் புரியாது. தெரிந்துவிட்டால், பந்து எந்தப் பக்கமெல்லாம் போயிருக்கும் என்று கண்ணுக்கே தெரிகிறது.

ஸ்கோரருக்கே சந்தேகம் இருந்துச்சாமே?

ஸ்கோர் எழுதியவர்களில் ஒருவர், "628, இருபது கூடலாம், இருபது குறையலாம்" என்ற பொருளில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. நான் இதை முழுக்கத் தள்ளமாட்டேன், முழுக்க நம்பவும் மாட்டேன். நாலு நாள், துண்டு துண்டான நேரம், 300 முறைக்கு மேல் ரன் குறிக்க வேண்டிய ஒரே பெயர். அந்தக் கட்டத்துக்குள் இடம் தீர்ந்து ஓரத்தில் எழுதத் தொடங்கினாலே கை தடுமாறும். 180 அடித்த ஒருவருக்கு எழுதும்போதே எனக்கு அப்படி ஆகியிருக்கிறது; இரண்டு புத்தகத்துக்கும் நாலு ரன் வித்தியாசம், கடைசியில் எதிரணி ஸ்கோரரும் நானும் டீ குடித்துச் சமரசம் ஆனோம்.

ஆனால் சாதனை என்பது பதிவானதுதான். அந்த ஸ்கோர் தாள் இன்றும் பள்ளியில் இருக்கிறது. இருபது குறைத்து 608 என்றே வைத்துக்கொண்டாலும் அடுத்த நூறு வருடத்துக்கு அதையும் யாரும் தாண்டவில்லை.

எத்தனை பால்ல அடிச்சார்? ஸ்ட்ரைக் ரேட் என்ன?

மட்டையாளர் சந்தித்த பந்துகளை எண்ணும் வழக்கம் அப்போது இல்லை. நிமிடம்தான் கணக்கு. 410 நிமிடத்தில் 628 என்றால் மணிக்குச் சுமார் 92 ரன். பெரும்பகுதி ஓடி எடுத்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று: 1899 வரை இங்கிலாந்தில் ஓவருக்கு ஐந்து பந்து. அடுத்த வருடம்தான் ஆறானது.

அவ்வளவு ரன் வந்த பிறகும் ஏன் டிக்ளேர் பண்ணல? இது அநியாயம் இல்லையா?

டிக்ளேர் செய்வதே அப்போது புதுச் சரக்கு. 1889-க்கு முன் ஒரு அணி தானாக இன்னிங்ஸை முடித்துக்கொள்ள விதியில் இடமே இல்லை. 1889-இல் அனுமதி வந்தபோதும், பல நாள் ஆட்டத்தில் கடைசி நாளில்தான் செய்யலாம் என்ற கட்டுப்பாட்டோடு வந்தது. இந்த மேட்சுக்கோ கெடுவே இல்லை. நேரம் தீர்ந்துவிடும் என்ற பயம் இல்லாதவன் எதற்கு நிறுத்த வேண்டும்?

அநியாயமா என்றால், நார்த் டவுன் பையன்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நாலு நாள் வெயிலில் பந்து பொறுக்கினால் நானும் நினைப்பேன்.

எதிர் டீம் ரொம்ப மட்டமா? கேட்சே பிடிக்கலியா?

பல கேட்சுகளை விட்டார்கள். முதல் நாளிலேயே ஒன்று, கடைசி நாளில் 600-க்கு மேலும். முதல் நாள் அவர் கொடுத்த உயரமான கேட்ச் ஒன்றை விட்டது விக்டர் எபர்லி என்ற 11 வயதுப் பையன், களத்தில் இருந்தவர்களிலேயே சின்னவன். இது ஜூனியர் மேட்ச் என்பதை மறக்கக் கூடாது. பந்துவீச்சும் சின்னப் பையன்கள் வீசியதுதான்.

அதனால் "எதிரணி பலவீனம்" என்பது நியாயமான குறைதான். ஆனால் அதே பந்துவீச்சை எதிர்த்துத்தான் மற்ற பத்துப் பேரும் ஆடினார்கள்.

மத்த பத்துப் பேரு என்ன அடிச்சாங்க?

கிளார்க்ஸ் ஹவுஸின் மொத்தம் 836. காலின்ஸின் 628 போக, பத்துப் பேரும் உதிரி ரன்னும் சேர்ந்து 208. நாலில் மூன்று பங்கு ஒரே ஆளுடையது.

இதில் எனக்குப் பிடித்தவர் ரெட்ஃபர்ன் என்ற கடைசி ஆட்டக்காரர். பத்தாவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்தது 183. அதில் ரெட்ஃபர்ன் பங்கு 13. அவர் முன்பே அவுட் ஆகியிருந்தால் இந்தப் பக்கத்தை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. கடைசியில் அவுட் ஆனதும் அவர்தான். மறுமுனையில் ஒருவன் 500-ஐத் தாண்டி அடித்துக்கொண்டிருக்க, பந்தைத் தடுத்து, கூப்பிட்டால் ஓடி, இறக்கத்தில் போன பந்துக்கெல்லாம் நாலு தடவை ஓடி... அவர் பெயருக்குப் பலகை எதுவும் இல்லை.

சரி, நார்த் டவுன் பதிலுக்கு எவ்வளவு எடுத்தாங்க?

முதல் இன்னிங்ஸில் 87, இரண்டாவதில் 61. இன்னிங்ஸ் மற்றும் 688 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ஜூன் 28 அன்று மேட்ச் முடிந்தது. இதையும் கேளுங்கள்: முதல் இன்னிங்ஸில் 7, இரண்டாவதில் 4 என்று காலின்ஸ் 11 விக்கெட் எடுத்தார். அந்த ஒரு வாரம் நார்த் டவுன் பையன்களுக்கு அவர் முகத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் பட்டிருக்காது.

அதுக்கு முன்னாடி யார் சாதனை இருந்துச்சு?

ஆண்ட்ரூ ஸ்டாடார்ட். இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்தவர், ரக்பியிலும் நாட்டுக்காக ஆடியவர். 1886-இல் ஹாம்ஸ்டெட் கிளப்புக்காக, ஸ்டோயிக்ஸ் என்ற அணிக்கு எதிராக ஒரே நாளில் 485 எடுத்தார். முந்தின ராத்திரி விடியவிடியச் சீட்டாடிவிட்டு, காலையில் குளித்துவிட்டு வந்து அடித்தார் என்பார்கள். டிக்ளேர் விதி வராத காலம் (மேலே பாருங்கள்), எனவே எதிரணிக்கு அன்று மட்டையைத் தொடவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலின்ஸ் தாண்டியது இந்த 485-ஐத்தான்.

டபிள்யூ. ஜி. கிரேஸும் பிரிஸ்டல்காரர்தானே? ரெண்டு பேருக்கும் ஏதாவது தொடர்பு?

ஊர் ஒன்று. அந்தக் காலத்து இங்கிலாந்து கிரிக்கெட்டின் மிகப் பெரிய பெயரான கிரேஸ் பிறந்தது பிரிஸ்டலை அடுத்த டவுன்எண்டில். கிளிஃப்டன் காலேஜின் பெரிய மைதானத்தில் குளோஸ்டர்‌ஷயர் அணி கவுண்டி ஆட்டங்கள் ஆடியது, கிரேஸ் அங்கே நிறையச் சதம் அடித்திருக்கிறார். அவர் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில் படித்தார்கள்.

காலப் பொருத்தம் ஒன்று உண்டு. 50 வயதுக் கிரேஸ் தன் கடைசி டெஸ்ட்டை ஆடியது அதே 1899 ஜூன் முதல் வாரத்தில். மூன்று வாரம் கழித்து, அவர் ஊரில் இது.

'அமெச்சூர்'னா சரியா ஆடத் தெரியாதவர்னு அர்த்தமா?

இன்று அப்படித்தான் காதில் விழும். அன்று இங்கிலாந்து கிரிக்கெட்டில் அது ஒரு சாதி மாதிரி. சம்பளம் வாங்காமல் ஆடும் வசதியுள்ளவர் அமெச்சூர், 'ஜென்டில்மேன்'. கூலிக்கு ஆடுபவர் புரொஃபஷனல், 'பிளேயர்'. உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் உள்ளே வரும் வாசலும் வேறு. கிரேஸ் பெயரளவில் அமெச்சூர்தான், ஆனால் செலவு, அன்பளிப்பு என்ற பெயரில் அவர் வாங்கிய பணம் எந்தப் புரொஃபஷனலும் பார்க்காதது.

ஸ்கோர் தாளிலும் பாகுபாடு இருந்தது. அமெச்சூருக்கு முன்னெழுத்து பெயருக்கு முன்னால் வரும், மற்றவருக்குப் பின்னால். 1950-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு புரொஃபஷனலின் பெயருக்கு ஒலிபெருக்கியில் ஒரு திருத்தம் அறிவித்தார்கள்: ஸ்கோர் அட்டையில் 'எஃப். ஜே. டிட்மஸ்' என்று இருப்பதை 'டிட்மஸ், எஃப். ஜே.' என்று படித்துக்கொள்ளவும். ஒரு ஸ்கோரராக இதைப் படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. 1962 கடைசியில்தான் இந்தப் பிரிவை எடுத்தார்கள். பள்ளி மாணவராகவும் பிறகு ராணுவ அதிகாரியாகவும் ஆடிய காலின்ஸ் கடைசிவரை அமெச்சூர். மூன்று முன்னெழுத்தும் பெயருக்கு முன்னால்தான்.

இந்தியாவுல பிறந்தவராமே? அப்போ ஒரு வகையில நம்ம ஆளா?

பிறந்தது ஹசாரிபாகில், இன்றைய ஜார்க்கண்டில். அப்பா இந்திய சிவில் சர்வீஸில் நீதிபதி. அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்புவது வழக்கம், இவரும் அப்படிப் போனவர். கிளிஃப்டனில் சேரும்போதே அப்பா, அம்மா இருவரும் இல்லை. டெவன் பகுதியில் டேவிஸ்டாக் என்ற ஊரில் பாதுகாவலர்கள் இருந்தார்கள்.

நம்ம ஆள் என்று சொந்தம் கொண்டாட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாலு நாளும் கூடிய கூட்டத்தில் பெற்றவர்கள் இல்லை என்பதை நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு அடிச்சவரை ஏன் இங்கிலாந்து டீம்ல எடுக்கல?

13 வயதில் அடித்ததை வைத்து யாரையும் எடுக்கமாட்டார்கள். பிறகு அவர் ஆடியது நன்றாகவே இருந்தது, அசாத்தியமாக இல்லை. 1901, 1902-இல் பள்ளியின் முதல் அணியில் இருந்தார். 1901-இல் சராசரி 38, அணியில் இரண்டாவது. அந்தப் பருவத்தின் அதிகபட்சம் பழைய மாணவர் அணிக்கு எதிராக 112.

அதன்பின் வூலிச்சில் உள்ள ராணுவப் பயிற்சிக் கழகம், 1904-இல் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட். பாலம் கட்டுவது, அகழி வெட்டுவது, தடுப்பு அமைப்பது அந்தப் பிரிவின் வேலை. கிரிக்கெட்டுக்குக் கிடைத்தது மிச்ச நேரம். கிடைத்தபோது வேகம் குறையவில்லை: 1913 ஆகஸ்டில் சவுத்தாம்டனில் பழைய கிளிஃப்டன் மாணவர் அணிக்காக அவரும் ராபின்சன் என்பவரும் முதல் விக்கெட்டுக்கு 38 நிமிடத்தில் 141 சேர்த்தார்கள். அதே வருடம் லார்ட்ஸில், பீரங்கிப் படை அணிக்கு எதிராக 58, 36. லார்ட்ஸில் அவருக்கு நன்றாக அமைந்த மேட்ச் அதுதான்.

எப்படி இறந்தார்?

முதல் உலகப் போரில். 1914 வசந்தத்தில்தான் எதெல் ஸ்லேட்டர் என்பவரைத் திருமணம் செய்திருந்தார். ஆகஸ்டில் போர் வெடித்தது, ஐந்தாம் ஃபீல்டு கம்பெனியோடு பிரான்சுக்குப் போனார். அக்டோபர் கடைசியிலிருந்து பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊரைச் சுற்றிக் கடும் சண்டை. நவம்பர் 11 அன்று ஜெர்மனியின் பிரஷ்யக் காவல் படை பெரும் தாக்குதல் நடத்தியது. ஆளில்லாத குறைக்கு இன்ஜினியர்களும் துப்பாக்கி ஏந்தினார்கள்.

பாலிகன் வுட் என்ற காட்டுப் பக்கம், அகழியின் ஓரத்தைக் காக்க இன்னும் ஆள் வேண்டும் என்று சைகை காட்டியபோது காலின்ஸுக்குக் குண்டு பட்டது. அகழிக்குள் இழுத்துப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உயிர் போனது. வயது 29. அங்கே அவருக்கு மேல்நிலைத் தளபதியாக இருந்த டக்ளஸ் ஹெய்க்கும் கிளிஃப்டன் மாணவர்தான்.

கல்லறை எங்க இருக்கு?

கல்லறை இல்லை. உடல் கிடைக்காத வீரர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயரை ஈப்ரில் மெனின் கேட் என்ற வளைவு மண்டபத்தில் செதுக்கியிருக்கிறார்கள். 1927-இல் திறந்தது. அதில் காலின்ஸ் பெயரும் உண்டு.

நடுவுல யாருமே நெருங்கலையா?

1902-இல் ஹோபார்ட்டில் சார்லஸ் ஈடி 566. 1933-இல் பம்பாயில் தாதாபாய் ஹவேவாலா 515. 2013-இல் அதே மும்பையில் பள்ளிகளுக்கான ஹாரிஸ் ஷீல்டு போட்டியில் 14 வயது பிரித்வி ஷா 546. அன்று என் போன் ஓயவில்லை, "உங்க காலின்ஸ் காலி" என்று. காலியாகவில்லை, இன்னும் 83 ரன் வேண்டியிருந்தது.

பிரணவ் தனவடே ஆயிரம் அடிச்சாரே, அப்போ காலின்ஸ் கதை முடிஞ்சுதா?

சாதனை முடிந்தது. 2016 ஜனவரி 4, 5-இல் மும்பையை அடுத்த கல்யாணில், 16 வயதுக்குட்பட்டோருக்கான பள்ளிப் போட்டி. கே.சி. காந்தி பள்ளிக்காக 15 வயது பிரணவ் 1009 நாட் அவுட். ஆட்டோ ஓட்டுநரின் மகன். முதல் நாள் முடிவிலேயே 652, அதாவது 628 அன்றே போய்விட்டது. 129 ஃபோர், 59 சிக்ஸர். அணி 3 விக்கெட்டுக்கு 1465 என்று டிக்ளேர் செய்தது. எதிரணி ஆர்ய குருகுல் 31, 52. இன்னிங்ஸ் மற்றும் 1382 ரன் வெற்றி.

ரெண்டுல எது பெருசு?

இதற்குச் சண்டை வராத நாளே இல்லை. பிரணவுக்கு எதிராகச் சொல்வதெல்லாம் காலின்ஸுக்கும் பொருந்தும்: சின்ன மைதானம், தன்னைவிடச் சின்னப் பையன்களின் பந்துவீச்சு, தவறவிட்ட கேட்சுகள். எனவே அந்த வாதத்தை எடுப்பவர்கள் இரண்டையும் சேர்த்துத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வித்தியாசம் ரன் வந்த விதத்தில். பிரணவின் 1009-இல் 870 ஃபோரும் சிக்ஸருமாக வந்தவை, ஓடியது 139. காலின்ஸின் கணக்கு நேர் எதிர். அவர் காலத்தில் பொதுவாக இங்கிலாந்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தாலே ஆறு கிடையாது, மைதானத்தையே தாண்ட வேண்டும். 1910-இல்தான் அது மாறியது. இதெல்லாம் சேர்த்து எது பெரிது என்று கேட்டால், எண்ணில் பிரணவ், மூச்சு வாங்கியதில் காலின்ஸ். அதற்குமேல் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்த இடத்தை இப்பவும் பார்க்கலாமா?

இருக்கிறது. அந்தத் திடலுக்கு இன்று 'காலின்ஸ் பீஸ்' என்றே பெயர். சுவரில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள்: ஜூனியர் ஹவுஸ் மேட்ச், கிளார்க்ஸ் ஹவுஸ், நார்த் டவுன், 1899, 628 நாட் அவுட் என்ற விவரங்களோடு. இன்றைய தேதிவரை இதுவே கிரிக்கெட்டில் பதிவான அதிகபட்சம் என்ற பொருள்படும் வரியும் அதில் உண்டு. எழுதி வைத்த அன்று அது சரிதான். வினாடி வினாவில் அந்தக் கல்வெட்டின் படத்தைக் காட்டி யாராவது மடக்கினால், 2016-ஐச் சொல்லுங்கள்.